ஓர் இசைத்தட்டின் தென்பாண்டி வேர்கள்

'முற்போக்கு ராக்' என்று தமிழில் எழுதினால் கட்சி மாநாட்டு நினைவு வந்துவிடுகிறது. ஆகவே 'ப்ரோக்ரெசிவ் ராக்' என்றே எழுதிவிடுகிறேன். வானொலி விதித்த மூன்று நிமிட அளவை மீறி, ஓர் இசைத்தட்டு முழுவதையும் ஒரே கட்டுக்கோப்பான ஆக்கமாகக் கருதிய ராக் வகை இது. 1969இல் கிங் கிரிம்சன் குழுவின் முதல் தட்டு இதற்கு வழி திறந்தது. 1972இல் ஜெத்ரோ டல் குழு ஒரே பாடலைத் தட்டின் இரு பக்கங்களிலும் நீட்டியது. அதே ஆண்டில் யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' மூன்றே பாடல்களுடன் வந்தது. இந்த நெடுவடிவத்தையும் சிக்கலான தாளத்தையும் கனத்த கிதார் ஒலியோடு சேர்த்துக்கொண்டது பின்னர் எழுந்த ப்ரோக்ரெசிவ் மெட்டல். மெட்டுக்கு முதலிடம் தரும் மெலடிக் மெட்டல் அதன் பங்காளி.

இவற்றை விரும்பிக் கேட்கும் தமிழாசிரியன் என்றால், நண்பர்கள் புருவத்தை உயர்த்துகிறார்கள். 'நமக்கும் அந்த இரைச்சலுக்கும் என்ன தொடர்பு?' என்பதே அவர்களின் வினா. தொடர்பு உண்டு, அதுவும் கேட்பவர் என்ற அளவில் மட்டுமன்று. அந்த இசையின் ஒரு முக்கியமான அத்தியாயத்தில் நம்மவர்கள் ஆசிரியர்களாகவும் கலைஞர்களாகவும் இருந்திருக்கிறார்கள். ராக் வரலாறு அவர்களை அடிக்குறிப்பாக்கியது. நம் இசை வரலாறோ அடிக்குறிப்பாகக்கூடச் சேர்க்கவில்லை.

ஆங்கிலேயரான கிதார் கலைஞர் ஜான் மெக்லாலின் 1971இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். மின்கிதாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்தும் இசை அது. 1973இல் வெளிவந்த 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' தட்டின் தலைப்பு இசை பதினெட்டு எண்ணிக்கைச் சுழற்சியில் ஓடுகிறது. நான்கு நான்காகக் கால் தட்டிப் பழகிய ராக் ரசிகர்க்கு அது திகைப்பு. சங்கீர்ண ஜாதிக்கு ஒன்பது அட்சரம் என்று அறிந்த காதுக்கோ அது தெரிந்த வீட்டின் இன்னொரு வாசல்.

இந்தக் கணக்கின் மீதான ஈர்ப்பு மெக்லாலினை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்றது. அங்கே அவருக்கு வீணை கற்பித்தவர் முனைவர் எஸ். ராமநாதன். தமிழ் இலக்கிய வாசகர்க்கு இப்பெயர் புதிதாக இருக்கக் கூடாது. சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அந்நூலை 1979இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். மதுரையில் சத்குரு சங்கீத வித்தியாலயத்தின் முதல்வராகவும் அவர் பணியாற்றினார். ஆய்ச்சியர் குரவையின் பண்களை ஆராய்ந்தவரிடமே ஒரு ராக் கிதார் கலைஞர் வீணை பயின்றார் என்பதை நாம் எந்த வகுப்பறையிலும் சொல்வதில்லை.

வெஸ்லியனில் ராமநாதன் தனியராக இல்லை. பாலசரசுவதியின் உடன்பிறந்தவர்களான மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதனும் புல்லாங்குழல் கலைஞர் டி. விஸ்வநாதனும் அங்கே கற்பித்தார்கள். பாடகர் ராம்நாடு கிருஷ்ணனின் தம்பியான மிருதங்கக் கலைஞர் ராம்நாடு ராகவனும் அங்கே ஆசிரியர். சென்னையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் இளமையின் ஒரு பகுதியைக் கழித்த வயலின் கலைஞர் எல். சங்கர் ஆய்வு மாணவராக அங்கே வந்து சேர்ந்தார். இந்தக் கூட்டுறவிலிருந்தே சக்தி என்னும் குழு பிறந்தது: மெக்லாலின், சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராகவன்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்டன் கல்லூரியில் இவர்கள் நிகழ்த்திய கச்சேரி, 'சக்தி' என்ற பெயரிலேயே 1976இல் இசைத்தட்டாக வந்தது. அதிலும் மூன்றே உருப்படிகள். மூன்றாவது உருப்படி ஏறத்தாழ 29 நிமிடம். தட்டின் ஒரு பக்கம் முழுவதும் அதற்கே. யெஸ் குழு படத்தொகுப்பாளரின் கத்தரிக்கோலைப் போல ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டிக் கட்டிய நெடுவடிவத்தை, இவர்கள் மேடையில் உட்கார்ந்தபடி, கண்ணசைவில் கட்டினார்கள். மின்கிதாரும் இல்லை, டிரம் செட்டும் இல்லை. ஆயினும் அதன் வேகமும் இறுக்கமும் ராக் ரசிகர்க்குரியவை.

இங்கே கடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மதுரைக்குத் தென்கிழக்கே வைகைக் கரையிலிருக்கும் மானாமதுரை, கடத்துக்குப் பெயர்பெற்ற ஊர். சுற்றுவட்டாரக் கண்மாய் மண்ணைக் குழைத்து, சக்கரத்தில் வனைந்து, உள்ளே கல்லும் வெளியே கட்டையும் கொண்டு பொறுமையாகத் தட்டித் தட்டிச் சுவரைச் சீராக்கி, சுருதி சேரும்படி சுடுகிறார்கள். சுட்டபின் சுருதியைப் பெரிதாகத் திருத்த வழியில்லை. சங்கீத நாடக அகாதமி விருது பெற்ற மீனாட்சி அம்மாளின் கைகள் இந்த வேலைக்குச் சான்று. 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கச்சேரியில் பக்கத்துக்குப் பக்கமாக ஒதுங்கியிருந்த இந்த மண்பானைக் கருவியை, 1975இல் அமெரிக்க இளைஞர்கள் முன் நடுமேடைக்குக் கொண்டுவந்தது சக்தி.

ரசிகன் என்ற முறையில் என் தரவரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலிடம் 1976இன் 'சக்தி'க்கே. தவறினால் மறைக்க இடமில்லாத ஆபத்து அதில் கேட்கிறது. ராகவனின் மிருதங்கம் அடித்தளமாக நிற்கிறது. அடுத்து வந்த 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யில் மிருதங்கம் இல்லை. ஆனால் சொற்கட்டு வாய்மொழியாகவே தொடக்கத்தில் ஒலிப்பது அதன் தனிச்சிறப்பு. 1977இன் 'நேச்சுரல் எலிமென்ட்ஸ்' எட்டுச் சிறு உருப்படிகளாகச் சுருங்கிவிட்டது. அழகானதுதான், எனினும் நெடுவடிவத்தின் துணிவை அது கைவிட்டுவிட்டது என்பதே என் குறை.

மெக்லாலின் சக்திக்காகப் பயன்படுத்திய கிதாரில் மெட்டுகளுக்கு இடையே கட்டை குடைந்து பள்ளமாக்கப்பட்டிருந்தது. வீணையில் போலத் தந்தியை அழுத்தி, இழுத்துக் கமகம் காட்டுவதற்காகச் செய்தது அது. 1984இல் தன் முதல் தனித்தட்டை வெளியிட்ட சுவீடனின் யிங்வி மால்ம்ஸ்டீனும் அத்தகைய குடைந்த கிதாரையே கையாண்டார். அவர் வீணையைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. சுரங்களுக்கு இடையிலும் இசை இருக்கிறது என்று உணர்ந்த கை, எந்த நாட்டிலும் இதே தீர்வுக்கு வருகிறது. கொச்சியின் மதர்ஜேன் குழு 2008இல் வெளியிட்ட 'மக்தூப்' தட்டில் பைஜு தர்மஜனின் மின்கிதார் கமகங்களைக் கேட்டால் இது விளங்கும்.

அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986இல் 'ஹவ் டு நேம் இட்' தந்தார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தட்டில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் இரு மரபுகளுக்கும் நடுவே நடக்கிறது. அது ராக் அன்று. ஆனால் இசைத்தட்டையே ஒரு முழுப் படைப்பாகக் கருதும் மனம் அதுவேதான். இதற்கு எப்படிப் பெயரிடுவது என்று அவர் கேட்ட கேள்விக்கு நாம் 'ஃப்யூஷன்' என்று ஒற்றைச் சொல்லால் விடை எழுதிவிட்டோம். அந்தச் சொல் பெயரன்று. படிக்காத புத்தகங்களை அடுக்கும் பரண். சக்தியும் அந்தப் பரணில்தான் இருக்கிறது. 2023இல் வந்த 'திஸ் மொமென்ட்' 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றபோதும், அது உலக இசைப் பிரிவில்தான். அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேனும் மறைந்தார்.

அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியை மட்டும் பாடிச் செல்லவில்லை. ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழ்ப்புலவன் என ஒவ்வொருவரின் கல்வியையும் தனித்தனியே நிறுத்திச் சொல்கிறார். மேடையில் ஒளி யார் மேல் விழுந்தாலும், வரலாறு எல்லோரையும் எண்ண வேண்டும் என்பது அந்த முறை. அதனைக் கொண்டு பார்த்தால், சக்தியின் கதையில் மெக்லாலினுக்கு அருகே ராமநாதனும் ராகவனும் மானாமதுரையின் பெயரறியா வேளார்களும் நிற்க வேண்டும். நம் இசை வரலாற்றை எழுதுவோர் இனியேனும் அந்தத் தட்டை எடுத்துக் கேட்கட்டும்.