முதலாம் குலோத்துங்க சோழன்: மரபுவழி

1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன் தந்தை வழியில் கீழைச் சாளுக்கியன். சோழ உரிமை பெண்வழியில் வந்தது. முதலாம் இராசராசனின் மகள் குந்தவை வேங்கி மன்னன் விமலாதித்தனை மணந்தாள். (இவள் வந்தியத்தேவனின் மனைவியான குந்தவை அல்லள், அவள் இராசராசனின் அக்காள். பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் குழம்புவதுண்டு.) விமலாதித்தன்–குந்தவை இணையரின் மகன் இராசராச நரேந்திரன் தன் மாமன் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியை மணந்தான். அவர்களுக்குப் பிறந்தவனே குலோத்துங்கன், இயற்பெயர் இராசேந்திரன். அவனும் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியையே மணந்தான். பாட்டியும் தாயும் சோழ இளவரசியர் என்பதால், குலோத்துங்கனது உடலில் ஓடியதில் சரிபாதிக்கும் மேல் சோழக் குருதி என்றே சொல்லலாம்.

வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கியக் கிளையின் வேர் வாதாபியில் உள்ளது: இரண்டாம் புலிகேசியின் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனன் 7ஆம் நூற்றாண்டில் அதைத் தொடங்கினான். சாளுக்கியர் தம்மைச் சந்திர குலம் என்றனர், சோழர் சூரிய குலம் என்றனர். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியோ குலோத்துங்கனுக்கு இரு குலத்தையும் சேர்த்தே உரிமையாக்குகிறது. அரசவைக் கவிஞருக்கு அது சங்கடமாக இருந்ததாகத் தெரியவில்லை.