311 - நகரத்துக்குக் காது முளைத்த கதை

தெருவிளக்கு எரிந்து பத்து நாளாகிவிட்டது. வாசலுக்கு எதிரே சாலையில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். குப்பை வண்டி வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? நகரம் என்று ஒன்று உருவான நாளிலிருந்தே இந்தக் கேள்வியும் இருக்கிறது. இதற்கு அமெரிக்க நகரங்கள் சில மூன்றே மூன்று இலக்கத்தில் பதில் சொன்னன. அதுதான் 311. ஆபத்துக்கு அழைக்கும் 911-ஐ ஹாலிவுட் படம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அதன் தம்பியான 311-இன் கதை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சுவாரசியமான கதை!

ஆளைத் தெரிந்தால் வேலை நடக்கும்

19-ஆம் நூற்றாண்டின் நியூயார்க்கில் புகார் சொல்லத் தனி அலுவலகம் தேடத் தேவையில்லை. 'டம்மனி ஹால்' என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் வட்டாரத் தலைவரைப் பார்த்தால் போதும். கப்பலில் வந்திறங்கிய ஏழை ஐரிஷ் குடும்பத்துக்கு வேலை வேண்டுமா, குளிருக்கு நிலக்கரி வேண்டுமா, போலீஸ் வழக்கில் உதவி வேண்டுமா, எல்லாம் கிடைக்கும். விலை ஒன்றுதான்... ஓட்டு!

அந்த ஏழைகளுக்கு அது பெரிய உதவி என்பதை மறுக்க முடியாது. அரசாங்கம் எட்டிக்கூடப் பார்க்காத குடியிருப்புகளுக்குக் கட்சிக்காரர்தான் வந்தார். ஆனால் அங்கே நடந்தது சேவை அல்ல, சலுகை. வரி கட்டுகிறவர் உரிமையோடு கேட்க வேண்டியதை, கும்பிடு போட்டு வாங்க வேண்டியிருந்தது. கட்சிக்கு வேண்டாதவர் தெருவில் விளக்கு எரியாவிட்டால் கேட்பாரில்லை.

பனி கவிழ்த்த நாற்காலி

புகாருக்குக் காது கொடுக்காத நகராட்சி என்ன ஆகும் என்பதை இரண்டு பனிப்புயல்கள் காட்டின.

1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் சுமார் 15 அங்குலம் பனி கொட்டியது. மன்ஹாட்டன் சீக்கிரம் தலை நிமிர்ந்தது. ஆனால் குவீன்ஸ் பகுதியின் தெருக்களில் நாள் கணக்கில் பனி அள்ளும் வண்டி எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் புயலில் நகரம் முழுவதும் 42 பேர் இறந்தார்கள், அதில் ஏறக்குறைய பாதிப் பேர் குவீன்ஸ்காரர்கள். மேயர் ஜான் லிண்ட்சே பார்வையிடப் போனபோது மக்கள் கூச்சல் போட்டு விரட்டாத குறை. அந்த ஆண்டு அவர் சொந்தக் கட்சியின் வேட்பாளர் தேர்விலேயே தோற்று, வேறொரு கட்சியின் பெயரில் நின்றுதான் மறுபடி மேயரானார்.

சிகாகோவின் மேயர் மைக்கேல் பிலாண்டிக்குக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1979 குளிர்காலப் பனியில் நகரம் முடங்கியது. அடுத்த மாதமே நடந்த கட்சித் தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றார். பைர்ன் சிகாகோவின் முதல் பெண் மேயரானார். பனி உருகிவிடும், கோபம் உருகாது!

பால்டிமோரில் பிறந்த குழந்தை

இதற்கிடையே 1968-இல் அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில் முதல் 911 அழைப்பு ஒலித்தது. அந்த எண் நாடெங்கும் பரவியபோது ஒரு புதுச் சிக்கலும் கூடவே வந்தது. மக்களுக்கு நினைவிலிருந்த ஒரே எண் அதுதான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் 911, குழாய் உடைந்தாலும் 911. உயிர் போகிற அவசரத்தில் அழைக்கிறவர் வரிசையில் காத்திருக்க வேண்டிய நிலை.

1996 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரம் அவசரமில்லாத அழைப்புகளுக்காக 311-ஐத் தொடங்கியது. 1997 பிப்ரவரியில் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் அந்த எண்ணை நாடு முழுவதற்குமாக ஒதுக்கியது. முதலில் இது போலீஸின் பாரத்தைக் குறைக்கும் ஏற்பாடுதான். 1999-இல் சிகாகோ அதை நகராட்சியின் எல்லாச் சேவைகளுக்கும் விரித்தது. சாலைப் பள்ளம், எலித் தொல்லை, எரியாத விளக்கு என்று எதுவானாலும் ஒரே எண்.

இங்கேதான் உண்மையான மாற்றம். அழைப்பவருக்கு ஒரு புகார் எண் தரப்பட்டது. வணிகத்தில் ரசீதுக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு இதற்கும். கொடுத்ததற்குச் சாட்சி இருக்கிறது. இனி "எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்று கையை விரிக்க முடியாது. பால்டிமோரில் மேயர் மார்ட்டின் ஓ'மாலி 2000-இல் 'சிட்டிஸ்டாட்' என்ற முறையைக் கொண்டுவந்து, துறைத் தலைவர்களை அடிக்கடி உட்கார வைத்து எண்களைக் காட்டிக் கேள்வி கேட்டார். சாலைப் பள்ளத்தை 48 மணி நேரத்தில் மூடுவதாக வாக்குறுதியும் கொடுத்தார்.

வெந்தய வாசனை

2003 மார்ச்சில் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் நியூயார்க்கும் 311-க்கு வந்தது. அதற்கு முன் அங்கே 40-க்கும் மேற்பட்ட தனித்தனி அழைப்பு மையங்கள். எந்தத் துறையைக் கேட்பது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை! அதே ஆண்டு ஆகஸ்டில் வடகிழக்கு அமெரிக்காவே இருளில் மூழ்கியபோது, குளிர்பதனப் பெட்டி இல்லாமல் இன்சுலின் எத்தனை நேரம் தாங்கும் என்று நீரிழிவு நோயாளிகள் 311-ஐக் கேட்டார்கள். அதிகாரிகள் யாரும் எதிர்பார்க்காத கேள்வி. சில மணி நேரத்தில் பதில் தயாரானது.

இன்னொரு சம்பவம் நம்மவர்களுக்குச் சிரிப்பூட்டும். 2005-இல் மன்ஹாட்டனில் திடீரென்று ஓர் இனிப்பு வாசனை பரவியது. அப்பத்தில் ஊற்றும் மேப்பிள் பாகு போன்ற மணம். 2001 தாக்குதலின் அச்சம் தீராத நகரம், ஏதோ விஷவாயு என்று பயந்தது. வாசனை அவ்வப்போது வந்தது, போனது. கடைசியில் 311-க்கு வந்த புகார்களை வரைபடத்தில் குறித்து, காற்றடித்த திசையோடு சேர்த்துப் பார்த்தார்கள். 2009-இல் விடை வந்தது: ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியில் ஒரு வாசனைப்பொருள் ஆலையில் பதப்படுத்திய வெந்தயம்!

யார் பேசுகிறார்கள்?

கதை இத்தோடு முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முடியவில்லை. ஒரே அளவு குறை இருந்தாலும் எல்லாப் பகுதியும் ஒரே அளவு புகார் செய்வதில்லை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். வாடகை வீட்டுக்காரருக்கு வீட்டு உரிமையாளரிடம் பயம். குடியேறியவருக்கு அரசாங்கம் என்றாலே பயம். 170-க்கும் மேற்பட்ட மொழிகளில் உதவி இருந்தாலும், சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை வேண்டுமே! புகார் வரும் இடத்துக்கு மட்டும் வண்டி போனால், பேசத் தெரிந்த தெரு மேலும் பளபளக்கும், மௌனமான தெரு மேலும் இருளும். 1969-இன் குவீன்ஸ் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

டம்மனி ஹால் ஆள் கும்பிடு எதிர்பார்த்தார். 311 எதிர்பார்ப்பது ஓர் அழைப்பு மட்டுமே. இது பெரிய முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் பதிவாகாத கடனும் கடன்தான். அழைப்பு வராத தெருவிலும் பள்ளம் இருக்கிறது. அதையும் தேடிப் போய்ப் பார்க்கிற நாளில்தான் நகரத்துக்குக் காதோடு கண்ணும் முளைத்தது என்று சொல்ல முடியும்.