'பறையர்' முதல் 'பரையா' வரை: ஆங்கிலத்தில் ஒரு தமிழ்ச் சொல்

மொன்றியலை அடுத்த புரோசார்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு தமிழ்ச் சொல்லை இரு அயல்மொழிகளில் எதிர்கொள்கின்றனர்: பிரெஞ்சில் 'பாரியா', ஆங்கிலத்தில் 'பரையா'. இரண்டிலும் அது சமூகத்தால் விலக்கப்பட்டவரைக் குறிக்கும். 'பறையர்' என்னும் குலப்பெயர் இவ்வாறு பொதுப்பெயரானது தமிழகத்தில் அன்று.

1516 அளவில் போர்த்துக்கீசியரான துவார்த்தே பார்போசா எழுதிய குறிப்புகளில் இப்பெயர் உண்டு. ஆங்கிலத்தில் அது 1613இல் சாமுவேல் பர்ச்சஸின் நூலில் தோன்றுகிறது. இக்கட்டத்தில் அது ஒரு குறிப்பிட்ட மக்களின் பெயர் மட்டுமே. பின்னர் ஆங்கிலேயர் இந்தியத் தெருநாய்க்கும் இதையே அடையாக்கினர். சொல்லின் வரலாற்றில் மிக இழிவான கட்டம் இதுவே. பிரான்சிலோ பெர்னார்தென் த சேன்-பியர் 1791இல் வெளியிட்ட 'இந்தியக் குடிசை' என்னும் கதை, குடிசைவாழ் பறையர் ஒருவரை ஞானியாக்கியது. 1819 அளவில் ஆங்கிலத்தில் உருவகப் பொருள் வழங்கத் தொடங்கிவிட்டது. சாதியற்றவர் என்ற பொருளில் இதை ஆள்வது பிழை என்று 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகியோரின் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியே சுட்டியது. பயன் விளையவில்லை.

சொற்பிறப்பைப் பொறுத்தவரை, பறை என்னும் தோற்கருவியே மூலம் என்பது ஐரோப்பிய அகராதிகள் பெரிதும் ஏற்ற கருத்து. புறநானூற்று 335ஆம் பாடல் பறையரைச் சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாக எண்ணுவதை அவை பொருட்படுத்தியதில்லை. அயோத்திதாசப் பண்டிதரோ 'பறைதல்', அதாவது சொல்லுதல், என்னும் வினையிலிருந்து விளக்கம் தந்தார். மலையாளத்திலும் ஈழத்துப் பேச்சுவழக்கிலும் அவ்வினை இன்றும் உயிருடன் உள்ளது. அவரது விளக்கம் மெய்ப்பிக்கப்பட்டதன்று. எனினும் ஒலியியல் அடிப்படையில் அதைப் புறந்தள்ள இயலாது.

பெயருக்குரியோரிடையே ஒருமித்த நிலைப்பாடு இருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே இதழ் தொடங்கினார். அயோத்திதாசர் அப்பெயரை மறுத்து, 1907இல் தம் இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயரிட்டார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்பதை ஏற்றது.

ஐரோப்பியச் சிந்தனை உலகில் இவ்விவாதத்தின் சாயல்கூட இல்லை. மாக்ஸ் வேபர் யூதரைப் 'பரையா மக்கள்' என்றார். 1944இல் ஹன்னா ஆரெண்ட் அக்கருத்தை அரசியல் எதிர்ப்பின் சொல்லாக மாற்றினார். இருவரது ஆய்விலும் தமிழ்நாட்டுப் பறையர் வெறும் உவமையே. இன்று உலகம் ஒதுக்கிய அரசுகளுக்கும் ஆங்கில இதழ்கள் இச்சொல்லைச் சூட்டுகின்றன. அத்தொடரைத் தமிழாக்குவோர் 'ஒதுக்கப்பட்ட நாடு' என்றே எழுதவேண்டும். தமிழில் 'பறையர்' என்பது இன்றும் வாழும் ஒரு மக்களின் பெயர்.