விலைக்குக் கிடைக்கும் பணிக்காலம்

ஃபுளோரிடாவில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் என் அண்ணன் மகள் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். அரசுப் பணிக்கு முன் அதே மாநிலத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாண்டுகள் கற்பித்திருக்கிறாள். பணம் கட்டி அந்த ஆண்டுகளை ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கலாமாம், சேர்ப்பது இலாபமா? நம் ஊரில் மெட்ரிக் பள்ளியில் தேய்ந்த ஆண்டுகளை என்ன விலை கொடுத்தாலும் அரசு ஓய்வூதியத்தில் சேர்க்க முடியாது. எனவே, கேள்வியே எனக்குச் சற்று வியப்பளித்தது.

அம்மாநிலச் சட்டம் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிப் பணியில் அதிகபட்சம் 5 ஆண்டுகளை வாங்க இடமளிக்கிறது. அதே ஆண்டுகளுக்கு வேறு ஓய்வூதியம் பெறக்கூடாது.

2011 ஜூலைக்கு முன் பணியில் சேர்ந்த ஆசிரியருக்கு, மிக அதிக ஊதியம் பெற்ற ஐந்தாண்டுகளின் சராசரியில் 1.6 விழுக்காட்டைப் பணியாண்டுகளால் பெருக்கினால் வருவதே ஓராண்டு ஓய்வூதியம். ஐந்தாண்டுகள் கூடினால் 8 விழுக்காடு கூடும். சராசரி ஊதியம் 60,000 டாலர் என்று கொள்வோம். ஆண்டுக்கு 4,800 டாலர். விலை 50,000 டாலர் என்றால், வட்டியை மறந்தாலும் முதல் திரும்பப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். இவ்வளவோடு நின்றால் அவசரப்பட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் ஓய்வுபெறும் நாளையும் கணக்கில் கொள்ள வேண்டும். இவ்வாசிரியர்களுக்கு முழு ஓய்வூதியம் 62 வயதில், அல்லது 30 ஆண்டுப் பணி நிறைவில். அதற்கு முன் விலகினால், 62க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 விழுக்காடு பிடித்தம். 25 ஆண்டுப் பணியுடன் 55 வயதில் விலகுபவருக்கு 24,000 டாலர் 15,600 ஆகச் சுருங்கும். ஐந்தாண்டுகளை வாங்கி 30ஐ நிறைத்தவருக்கோ பிடித்தமின்றி 28,800 டாலர். வேறுபாடு 13,200. 62 வரை பணியாற்றப்போகிறவருக்கு 4,800 மட்டுமே பெறுமானமுள்ள அதே ஐந்தாண்டுகள்தாம் இவை!

ஆகவே, எப்போது விலகப்போகிறாய் என்றுதான் அவளிடம் முதலில் கேட்டேன். விலையையும், அந்த ஆண்டுகள் 30இல் சேருமா என்பதையும் அமைப்பிடமிருந்து எழுத்தில் பெறச் சொன்னேன். 403(பி) கணக்குச் சேமிப்பை வரிப்பிடித்தமின்றி நேரடியாக இதற்கு மாற்ற 2001ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் வழிசெய்திருப்பதால், கைப்பணம் தேட வேண்டியதில்லை. இப்போது அவள் தேடிக்கொண்டிருப்பது அந்தப் பழைய பள்ளியின் பணிச்சான்றை.