திருகோணமலையும் இரா. சம்பந்தனும்: ஒரு பாராளுமன்ற வாழ்வின் வரலாற்று எல்லைகள்

இலங்கைத் தமிழ் அரசியல்வாதிகள் குறித்து நம்மிடையே எழுதப்படுவன பெரும்பாலும் இருவகையின. ஒன்று, மறைவையொட்டி வெளியாகும் புகழ்மாலை. மற்றது, கட்சிப் பிளவையொட்டி வெளியாகும் குற்றப்பத்திரிகை. இராஜவரோதயம் சம்பந்தன் (1933-2024) இவ்விரண்டையும் நிறையவே பெற்றவர். ஒரு மக்கட் பிரதிநிதி எந்த மக்களின் எந்த நலனைப் பிரதிநிதித்துவம் செய்தார், அதற்கு எந்தக் கருவியைக் கையாண்டார், அக்கருவி எதுவரை பயன்பட்டது என்னும் வினாக்கள் இவ்விரு வகை எழுத்திலும் எழுவதில்லை. திருகோணமலை மாவட்டத்தின் பொருளியல் அடித்தளத்தை விளங்கிக்கொள்ளாமல் அவ்வினாக்களுக்கு விடை காணவும் இயலாது.

திருகோணமலை துறைமுகத்தால் அறியப்பட்ட ஊர். ஆனால் அத்துறைமுகம் வணிகத்தின் பொருட்டன்று, போரின் பொருட்டே வளர்க்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படையின் தேவைக்கென இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் சீனன்குடாப் பகுதியில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு வீசியதும் அதன் படைப் பெறுமதி கருதியே. 1957இல் பண்டாரநாயக்கா அரசாங்கம் தளத்தைப் பொறுப்பேற்றபோது அது தேசிய விடுதலையின் வெற்றியெனக் கொண்டாடப்பட்டது. கொண்டாடத்தக்கதுதான். ஆயினும் கடற்படைத் தளத்தின் கூலியை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்கு மாற்றாக எது வழங்கப்பட்டது என்ற கேள்வி அக்கொண்டாட்டத்துள் மறைந்துபோயிற்று. திறந்த பொருளாதாரத்தோடு 1980களில் மாவரைக்கும் ஆலையும் சீமெந்து ஆலையும் குடாவின் கரையில் உற்பத்தியைத் தொடங்கின. புல்மோட்டையில் கனிய மணல் அகழப்பட்டது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் வாழும் ஒரு மாவட்டத்தில், அவர்கள் ஒன்றாக உழைப்பதற்கான இடங்கள் இவ்வாறு உருவாகின. ஆனால் மாவட்டத்தின் அரசியல் அங்கே உருவாகவில்லை. அது காணியில் உருவாயிற்று.

கந்தளாய், அல்லை, முதலிக்குளம் முதலிய இடங்களின் குடியேற்றத் திட்டங்களைத் தமிழ்த் தேசிய எழுத்து இனத் திட்டமாக மட்டுமே நோக்குகிறது. அது இனத் திட்டமே, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் பின்னே ஒரு வர்க்கத் திட்டமும் இருந்தது. தென்னிலங்கையிலும் கண்டியப் பகுதிகளிலும் காணியற்று நின்ற விவசாயியின் பிரச்சினையை, பெருந்தோட்ட முதலாளியின் நிலத்தையோ உள்ளூர் நிலவுடைமையாளனின் நிலத்தையோ தொடாமல் தீர்ப்பதற்கு ஆளும் வர்க்கம் கண்ட வழி, அவனை வரண்ட வலயத்துக்கு அனுப்புவதாகும். வறிய சிங்கள விவசாயி வறிய தமிழ், முஸ்லிம் விவசாயிகளின் அயலிலே போட்டியாளனாக இருத்தப்பட்டான். 1946ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறத்தாழ 20 சதவீதமாயிருந்த சிங்களவர் 1981இல் ஏறத்தாழ 33 சதவீதமாயினர். மூதூர் முன்னர் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிருந்தது. 1970இல் அது அப்துல் மஜீதையும் தங்கத்துரையையும் ஒருங்கே பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1976ஆம் ஆண்டுத் தொகுதி நிர்ணயத்தின்பின் சேருவில தனித் தொகுதியாயிற்று. 1977இல் திருகோணமலை ஒரு தமிழரையும், மூதூர் ஒரு முஸ்லிமையும், சேருவில ஒரு சிங்களவரையும் தெரிவுசெய்தன. மூன்று தொகுதி, மூன்று இனம். குடிசன வரைபடம் தேர்தல் வரைபடமாகவும் ஆயிற்று.

தமிழரசுக் கட்சி 1956 ஓகஸ்டில் திருகோணமலையில் மாநாடு கூட்டி, சமஷ்டி, மொழியுரிமை, மலையகத் தமிழரின் குடியுரிமை ஆகியவற்றோடு குடியேற்ற நிறுத்தத்தையும் கோரியது. 1957இன் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் காணிக் குடியேற்ற அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க முன்வந்து, பின் கிழித்தெறியப்பட்டது. அம்மரபில் வந்த சட்டத்தரணியே சம்பந்தன். இராஜவரோதயம், மாணிக்கராஜா, நேமிநாதன் ஆகிய தமிழரசுக் கட்சியினர் வகித்துவந்த திருகோணமலைத் தொகுதியை 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் வென்றார். சட்டம், உடன்படிக்கை, யாப்பு என்பவற்றின் மொழியில் சிந்தித்த ஆங்கிலம் கற்ற நடுத்தர வர்க்கத்தின் அரசியல் அவருடையது. அது குறையென்று கூறிவிட்டு நகர்வது எளிது. அம்மொழி எங்கே பயன்பட்டது என்று பார்ப்பதே ஆய்வு.

முதலில் அது பயன்படவில்லை. 1983 ஓகஸ்டில் நிறைவேறிய ஆறாம் திருத்தம் பிரிவினையை நிராகரித்துச் சத்தியம் செய்யுமாறு கோரியது. கூட்டணி பாராளுமன்றத்தைப் புறக்கணித்தது. செப்டெம்பரில் சம்பந்தன் ஆசனத்தை இழந்தார். மீண்டும் அவர் பாராளுமன்றம் புக 18 ஆண்டுகள் சென்றன. அவ்விடைவெளியில் மாவட்டத்தின் மக்கட் பிரதிநிதிகளுக்கு நேர்ந்ததை நினைவுகூர்தல் தகும். மஜீத் 1987இலும், தங்கத்துரையும் மஹ்ரூபும் 1997 ஜூலையிலும் கொல்லப்பட்டனர். 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராகச் சம்பந்தன் திரும்பினார். 2004ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் அக்கூட்டமைப்பு விடுதலைப் புலிகளையே தமிழரின் ஏகப் பிரதிநிதிகளென ஏற்றது. வாக்குப் பெற்ற பிரதிநிதி தன் பிரதிநிதித்துவத்தைத் தானே பிறிதோர் இடத்தில் ஒப்படைத்த செயல் அது. அச்சத்தால் விளைந்ததா, கணிப்பால் விளைந்ததா என்று வாதிடலாம். மக்களிடம் அதற்கு முறையான விளக்கம் தரப்படவில்லை என்பதே எமக்கு முதன்மையாகப் படுகிறது.

2009இன் பின்னர் சம்பந்தனின் சட்டமொழி உண்மையில் சோதிக்கப்பட்ட இடம் சம்பூர். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், துறைமுகத்துக்கு எதிர்ப்புறமாக அமைந்த அவ்வூர் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்தனர். படையினர் ஊரைக் கைப்பற்றியபின் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பின்னர் முதலீட்டுக்கான காணியாயிற்று. இந்திய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் இணைந்த நிலக்கரி மின்நிலையத்துக்கும் அங்கே இடம் குறிக்கப்பட்டது. மக்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். பாதுகாப்பின் பெயரால் விவசாயியை வெளியேற்றிய நிலத்தில் அபிவிருத்தியின் பெயரால் மூலதனத்தைக் குடியேற்றுவது உலகெங்கும் காணப்படும் நடைமுறை. மார்க்ஸ் இங்கிலாந்தின் பொதுநில அடைப்புகளைப் பற்றி எழுதியதை வாசித்தவர்க்குச் சம்பூர் அந்நியமாகத் தோன்றாது. சம்பந்தன் இவ்விடயத்தைப் பாராளுமன்றத்திலும், கொழும்பிலும், டில்லியிலும் விடாது எழுப்பினார். 2015இல் ஆட்சி மாறியபின் முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர் தொடர்பான வர்த்தமானி அறிவித்தல் இரத்தாயிற்று. நீதிமன்றத் தடை நீங்கியதும் மக்கள் மீண்டனர். நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அவரது நீண்ட வாழ்வில் விவசாயி கையால் தொட்டு அறியக்கூடிய பெறுபேறு இதுவே என்பது எமது கணிப்பு. முகாமை விட்டகலாமல் தம் உறுதிப்பத்திரங்களைப் பேணிக் காத்திருந்த மக்களின் பிடிவாதத்துக்கும் அதில் சமபங்கு உண்டு.

தமிழ்-முஸ்லிம் உறவிலும் அவர் தம் முன்னோரிலும் ஓரடி முன்சென்றார். வடக்கும் கிழக்கும் 2007 தொடக்கத்தில் மீண்டும் பிரிந்தபின், முஸ்லிம்களின் ஆதரவின்றிக் கிழக்கில் தமிழர் ஆட்சியில்லை என்ற எண்கணிதம் வெளிப்பட்டது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 சதவீதம். தமிழர் ஏறத்தாழ 31. அவ்வாண்டின் கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் கூட்டமைப்பு 11 ஆசனமும் முஸ்லிம் காங்கிரஸ் 7 ஆசனமும் பெற்றன. குறைந்த ஆசனம் பெற்ற முஸ்லிம் காங்கிரசுக்கே முதலமைச்சர் பதவியை விட்டுத்தரக் கூட்டமைப்பு முன்வந்தது. காங்கிரஸ் அன்றைய ஆளுங்கட்சியோடு சேர்ந்தது. 2015இலேயே அக்கூட்டு கைகூடிற்று. ஆயினும் இரு தலைமைகளுக்கிடையிலான உடன்பாடாகவே அது இருந்தது. மூதூரிலும் தோப்பூரிலும் ஒரே வாய்க்கால் நீருக்குக் காத்திருக்கும் இரு சமூக விவசாயிகளின் கூட்டாக அது இறங்கிவரவில்லை.

2015 செப்டெம்பரில் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கத்துக்குப் பின் அப்பதவி பெற்ற தமிழர் அவரே. புதிய யாப்புக்கான முயற்சியில் அவர் வைத்த நம்பிக்கை பலிக்கவில்லை. 2018 நவம்பரில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது அதனை எதிர்த்த வழக்கு சம்பந்தனின் பெயரையே தாங்கியது. டிசெம்பர் 13இல் உயர் நீதிமன்றம் ஏகமனதாகக் கலைப்பைச் செல்லாததாக்கியது. ஐந்து நாட்களின்பின் எதிர்க்கட்சித் தலைவர் பதவி மகிந்த ராஜபக்சவுக்கு வழங்கப்பட்டது. 1983இல் தம்மை வெளியே தள்ளிய அவையின் உயிரை 35 ஆண்டுகளின்பின் காத்துக்கொடுத்தார். அவ்வவை அவரது மக்களுக்கு அதிகாரப் பகிர்வை வழங்கவில்லை.

இவ்வளவிலும் துறைமுகம் எங்கே? அது கப்பற்றுறைப் போட்டியிலும் வல்லரசுகளின் உடன்படிக்கைகளிலும் மட்டுமே பேசப்பட்டது. 1987 ஜூலையில் இந்தியாவுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் எண்ணெய்த் தாங்கிகள் இடம்பெற்றன. 2022 ஜனவரி உடன்படிக்கையில் அவற்றுள் 61 ஒரு கூட்டு நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன. ஆலைத் தொழிலாளியும், கடற்படையின் கட்டுப்பாடுகளிடையே வலை வீசும் மீனவனும் எந்தக் கட்சியின் அரசியலுக்கும் அச்சாகவில்லை. சம்பந்தனின் அரசியலுக்கும் ஆகவில்லை. இடதுசாரிகளும் இதிற் பெருமைப்பட ஏதுமில்லை. 1964இல் முதலாளித்துவக் கட்சியோடு கூட்டரசு கண்டவர்கள், 1972ஆம் ஆண்டு யாப்பைத் தம் கையாலேயே வரைந்தவர்கள், திருகோணமலைத் தமிழ்த் தொழிலாளியிடம் எந்த முகத்தோடு வாக்குக் கேட்டிருக்க முடியும்?

சம்பந்தன் 2024 ஜூன் 30இல் காலமானார். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் மாவட்டத்தின் 4 ஆசனங்களுள் 2 தேசிய மக்கள் சக்திக்குச் சென்றன. தமிழரசுக் கட்சி ஒன்றைத் தக்கவைத்தது. 2025 ஏப்ரலில் சம்பூரில் சூரிய மின் திட்டமொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரி நிலையத்துக்கென முன்பு இணைந்த அதே இந்தியக் கூட்டுத்தாபனமும் மின்சார சபையுமே அதன் பங்காளிகள்.