மலையகத்தில் ஆசிரியப் பயிற்சி

அட்டனிலிருந்து நுவரெலியாவை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், கொட்டகலையைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் பத்தனைச் சந்தி வருகிறது. அதனையடுத்து ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி அமைந்துள்ளது. கொட்டகலையில் அரசினர் ஆசிரியர் கலாசாலை ஒன்று உண்டு. ஆசிரியராக வர விரும்பும் இளைஞர் முன்னதிற் பயில்கின்றனர். பயிற்சியின்றியே பணியில் அமர்ந்துவிட்டவர் பின்னதிற் பயில்கின்றனர். சுற்றிலும் தேயிலை மலைகள். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடத் தொடங்கியது 1867 ஆம் ஆண்டில். அதன்பின் நூறாண்டு கழிந்த பின்னரே இவ்விரு நிறுவனங்களும் இம்மலைகளிடையே தோன்றின. இத்துணைத் தாமதம் ஏன் நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தோட்டங்களிற் கல்வி முதலிற் சமயப் பணியின் துணையாகவே வந்தது. கோப்பிப் பயிர் செழித்திருந்த 1854 ஆம் ஆண்டில், துரைமார் சிலரின் ஆதரவோடு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பெற்றது. அக்காலத்தார் தொழிலாளரை எவ்வாறு நோக்கினர் என்பதற்கு அப்பெயரே சான்று. அரசாங்கம் இத்துறையிற் கருத்துச் செலுத்தியது அரை நூற்றாண்டின் பின்னர்தான். 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. பத்து வயதுக்கு மேல் என்ன? கொழுந்துக் கூடையும் புல்வெட்டும் காத்திருந்தன.

பிள்ளைகளின் வயதை வரையறுத்த அளவுக்கு, அவர்களுக்குக் கற்பிப்போரின் தகுதியை எவரும் வரையறுத்து வற்புறுத்தவில்லை. ஒரு மண்டபம், அதில் ஐந்து வகுப்புகள், ஓர் ஆசிரியர் என்பதே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளின் நிலை. சில இடங்களில் மண்டபமும் இல்லை. லயக் காம்பரா ஒன்றே பாடசாலையாயிற்று. எழுத்தும் எண்ணும் அறிந்தவர் அங்கே ஆசிரியரானார். துரையின் கீழ்ப் பணிபுரியும் ஊழியர்களுள் அவரும் ஒருவர். பாடசாலை நேரம் போக, தொழிலாளர்க்காக ஊருக்குக் கடிதமும் கந்தோருக்கு மனுவும் எழுதிக் கொடுப்பவரும் அவரே. இன்று அவரை எள்ளி நகையாடுதல் எளிது. ஆயின் அது நியாயமன்று. ஆசிரியத் தொழில் இன்னதென்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் எவருமிலர்.

ஆசிரியப் பயிற்சி இலங்கையில் அறியப்படாத ஒன்றன்று. கொழும்பில் அரசினர் பயிற்சிக் கல்லூரி 1903 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. யாழ்ப்பாணத்திற் கோப்பாயும் பலாலியும், கிழக்கே அட்டாளைச்சேனையும் மட்டக்களப்பும் தமிழாசிரியர்களைப் பயிற்றின. மலையகத்தில் மட்டும் அவ்வாறான கலாசாலை எழவில்லை. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி நாட்டின் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு வாயில் திறந்தது. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தாரின் கையிலேயே தங்கிவிட்டமையால், அதன் பயன் லயத்துப் பிள்ளையை முழுமையாக வந்தடையவில்லை.

இங்கே 1948 ஆம் ஆண்டைச் சற்று நின்று நோக்குதல் தகும். அமெரிக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் தமக்கென ஒரு சங்கத்தை 1858 ஆம் ஆண்டிலேயே அமைத்திருந்தன. 1917 இல் ஆசிரியர் கல்லூரிகளின் சங்கம் தோன்றியது. 1948 இல் இத்துறையிலிருந்த மூன்று அமைப்புகள் ஒன்றாயிணைந்து, ஆசிரியக் கல்விக்கான கல்லூரிகளின் அமெரிக்கச் சங்கமாக உருப்பெற்றன. வகுப்பறைக்குள் நுழையுமுன் ஓர் ஆசிரியர் எவற்றைக் கற்றிருத்தல் வேண்டும், அதனைக் கற்பிக்கும் கல்லூரி எத்தகையதாதல் வேண்டும் என்னும் வினாக்களை, அக்கல்லூரிகளே ஒருங்கு கூடி ஆராய்ந்தன. இந்தியாவிலும் 1950 இல் பரோடா நகரிற் பயிற்சிக் கல்லூரிகளின் மாநாடு கூடியது.

அதே 1948 இல் இலங்கைப் பாராளுமன்றம் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. முந்திய ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சமூகம், அச்சட்டத்தால் நாடற்றதாயிற்று. வாக்குரிமை இழந்ததை யாவரும் பேசுவர். அரசாங்க உத்தியோகம் குடியுரிமை உடையார்க்கே உரியது என்பதையும் உடன் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ஆசிரியப் பயிற்சியின் கதை விளங்கும். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ பிறந்த ஓர் இளைஞன் எவ்வளவு படித்தாலும், குடியுரிமைச் சான்றிதழ் இல்லையெனின் அரசினர் ஆசிரியனாதல் அரிது. மலையகத்தின் ஆசிரியர் பற்றாக்குறையைப் பணக்குறையாலும் பிள்ளைகளின் வரவுக் குறையாலும் விளக்கியோர் பலர். அவையும் உண்மையே, ஆயினும் மூலக் காரணம் சட்டப் புத்தகத்தில் இருந்தது.

1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளையும் பயிற்சிக் கலாசாலைகளையும் அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே நின்றன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்களே அரசுடைமையாயின. அதன் பின்னர், எழுபதுகளின் பிற்பகுதியில், பாடசாலைகளும் படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தைச் சேர்ந்தன. அப்போது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆசிரியர் பலர் அனுப்பப்பெற்றனர். அவருட் சிலர் மலையகத்தையே தம் ஊராகக் கொண்டனர். குளிரும் தனிமையும் தாங்காது இடமாற்றம் பெற்றுச் சென்றோரும் உளர். 1983 ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின்னர், வெளியிலிருந்து வருவோரையே நம்பியிருத்தல் இயலாதென்பது தெளிவாயிற்று. எண்பதுகளில் தோட்டத்து இளைஞரையே ஆசிரியராக நியமிக்கும் வழக்கம் வலுத்தது. குடியுரிமைச் சிக்கலும் அக்காலத்தே தளரலாயிற்று. 1988 ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பாலானோர்க்கும், 2003 ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோர்க்கும் வழி செய்தன.

ஆயின் நியமனம் முன்னும் பயிற்சி பின்னுமாக அமைந்தது. அவ்வாறு நியமனம் பெற்றோரைப் பயிற்றுவதிற் கொட்டகலைக் கலாசாலை ஆற்றிய பணி பெரிது. பயிற்சிக்குப் பின்னரே நியமனம் என்னும் முறை, 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கல்வியியற் கல்லூரிகள் சட்டத்தின் வழி வந்தது. ஈராண்டு கல்லூரியிலே தங்கிப் பயிலுதல், மூன்றாமாண்டு பாடசாலை ஒன்றிற் கற்பித்துப் பழகுதல் என்பது அதன் ஒழுங்கு. ஜெர்மன் அரசாங்கத்தின் உதவியோடு பத்தனையில் எழுந்த கல்லூரி, தொண்ணூறுகளின் முற்பகுதி தொட்டு இம்முறையைத் தோட்டப் பாடசாலைகளின் அண்மைக்குக் கொணர்ந்தது. தமிழரும் சிங்களவரும் அங்கு ஒரே வளாகத்திற் பயில்கின்றனர். யாருக்கு எத்தனை இடம் என்னும் வாதம் எழாமலும் இல்லை. மலையகத்துக்கென எழுந்த கல்லூரியில் மலையகப் பிள்ளைகளின் பங்கு குறையலாகாது என்று வாதிட்டோரின் கூற்றைப் புறக்கணித்தல் நேர்மையாகாது.

பழைய வழக்கம் இதனோடு ஒழிந்ததென்று கொள்வதற்கில்லை. 2014 ஆம் ஆண்டளவில் மூவாயிரம் வரையிலான இளைஞரை ஆசிரிய உதவியாளராகப் பெருந்தோட்டப் பாடசாலைகளில் நியமிக்க அரசாங்கம் முன்வந்தது. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியோர் அவர்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். பின்னர் அது 10,000 ரூபாயாயிற்று. பஸ் கட்டணமும் மதிய உணவும் போக அதில் மிஞ்சியது சொற்பம். அவர்கள் முதலில் வகுப்பறைக்குச் சென்றனர். பின்னரே கலாசாலைக்குச் சென்றனர். பயிற்சியை நிறைவு செய்த பிறகே ஆசிரியர் சேவையில் முறையாகச் சேர்க்கப்பட்டனர்.