படிவத்தை நிரப்புபவரும் வகுப்பவரும்: ஓஸ்லோ முதல் குப்பம் வரை

1970களின் தொடக்கத்தில் நார்வேயின் தொழிற்சாலைகளுக்குள் கணினி நுழைந்தது. உற்பத்தியைத் திட்டமிடும் முறைகளை நிர்வாகமே தீர்மானித்தது. இயந்திரத்தின் அருகில் நின்றவரின் கருத்து கேட்கப்படவில்லை. இந்நிலையில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கம் நார்வே கணினி மையத்துடன் இணைந்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. அதை வழிநடத்தியவர் கிறிஸ்டன் நிகார்ட். ஓலே யோஹான் டாலுடன் சிமுலா என்னும் நிரல்மொழியை உருவாக்கியவர்.

வல்லுநர் ஆராய்வதும் இறுதியில் அறிக்கை தருவதும் வழக்கமான முறை. அவ்வறிக்கைகளால் தொழிலாளருக்குப் பயனில்லை என்பதை நிகார்ட் குழுவினர் விரைவிலேயே உணர்ந்தனர். தொழிலாளரே தம் பணியிடத்தை ஆராய்ந்து, கற்று, செயற்படுவதுதான் ஆய்வின் விளைவு என்று இலக்கையே மாற்றினர். 1975இல் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் அமைப்புக்கும் இடையே தேசிய ஒப்பந்தம் ஏற்பட்டது. புதிய கணினி அமைப்புகளைப் பற்றி முன்கூட்டியே அறியும் உரிமை அதனால் தொழிலாளருக்குக் கிட்டியது.

1981இல் தொடங்கிய 'உட்டோபியா' திட்டம் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தியது. செய்தித்தாள் பக்கங்களை அமைக்கும் கைவினைஞரின் திறன் கைகளில் இருந்தது. கேள்வி கேட்டு அதை முழுமையாகப் பெற இயலவில்லை. ஆகவே ஒட்டுப்பலகையாலும் அட்டையாலும் மாதிரிக் கணினிகள் செய்யப்பட்டன. அவற்றின் முன் அமர்ந்து வேலை செய்வதுபோல் நடித்துக் காட்டியபோதே தேவைகள் புலப்பட்டன.

1994க்குப் பின் இம்மரபு தென்னாப்பிரிக்காவை அடைந்தது. நிறவெறி ஆட்சி அங்கே சுகாதார நிர்வாகத்தை 14 துறைகளாகப் பிளந்து வைத்திருந்தது. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் யோர்ன் பிராவும் உள்ளூர் ஆய்வாளரும் சுகாதாரப் பணியாளருடன் அமர்ந்து, இன்றியமையாத தரவுகள் எவை என்பதை வரையறுத்தனர். அதிலிருந்து மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருள் உருவானது. 2000இல் இம்முயற்சி தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரத்தின் குப்பத்துக்கு வந்தது. மென்பொருளின் இரண்டாம் தலைமுறை 2006இல் முதன்முதலாகக் கேரளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆயினும் பயணத்தின்போது ஒன்று கைநழுவியது. நார்வேத் தொழிலாளருக்குப் பின்னால் சங்கமும் ஒப்பந்தமும் நின்றன. பதிவேடுகளை நாள்தோறும் நிரப்பும் கிராமத்துத் துணைச் செவிலியருக்குப் பின்னால் நிற்பது அதிகாரப் படிநிலை மட்டுமே. எந்த எண்ணிக்கை தேவை என்பதை மேலிடம் முடிவு செய்கிறது. அவர் அதைத் திரட்டி அனுப்புகிறார். மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் கருத்துக் கேட்பது மரியாதையாக இருக்கலாம், பங்கேற்பு ஆகாது. 50 ஆண்டுகளுக்கு முன் நார்வேயின் பட்டறைகள் கற்பித்த பாடமும் அதுவே.